“என்ன படம் பார்க்கலாம்?” என்று கேட்பவருக்குச் சரியான படம் சொல்வது எப்படி: சுங்கை சிப்புட்டிலிருந்து ஒரு முழு வழிகாட்டி

எங்கள் தாமானில் (குடியிருப்பில்) வெள்ளிக்கிழமை மாலை ஆனால் என் கைப்பேசிக்கு இரண்டு மூன்று குரல் செய்தியாவது வந்துவிடும். “அக்கா, நாளைக்கு லீவு. வீட்டோட உட்கார்ந்து பார்க்கிற மாதிரி ஒரு படம் சொல்லுங்க.” மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட்டில் இருக்கும் எங்களுக்குத் தியேட்டர் என்றால் ஈப்போ நகரம்தான். பெட்ரோல், டிக்கெட், பிள்ளைகளுக்குச் சோளப்பொரி எல்லாம் சேர்த்தால் நாலு பேர் குடும்பத்துக்கு நூறு வெள்ளி பக்கம் வந்துவிடும். அதனால் வீட்டு டிவிதான் தியேட்டர். நெட்ஃப்ளிக்ஸ் மலேசியாவுக்கு வந்தது 2016 ஜனவரியில். அதற்குப் பிறகு இன்னும் பல சேவைகள் வந்துவிட்டன. படம் கிடைக்கவில்லை என்ற குறை இப்போது இல்லை. எதைப் பார்ப்பது என்று ரிமோட்டைத் தட்டிக்கொண்டே முக்கால் மணி நேரம் போகிறது, சோறு ஆறிப்போகிறது, கடைசியில் நாலு தடவை பார்த்த படத்தையே போட்டுவிட்டு அப்பா நாற்காலியிலேயே தூங்கிவிடுகிறார்.

ஏழு வருடமாக இந்தத் தாமானில் படம் சொல்லி வருகிறேன். என் அம்மா ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்டியவர். அப்பா செம்பனைத் தோட்டத்தில் லாரி ஓட்டினார். லயத்து வீட்டில் (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீட்டில்) வளர்ந்தவர்களுக்கு எந்தப் படம் ஒட்டும், எது ஒட்டாது என்பது கொஞ்சம் கொஞ்சமாகத்தான் எனக்குப் பிடிபட்டது. நான் கற்றுக்கொண்டதில் பெரியது ஒன்றுதான்: படத்திலிருந்து தொடங்கக் கூடாது, கேட்கிற ஆளிலிருந்து தொடங்க வேண்டும். ஒருவருக்கு ஒரு நேரத்தில் ஒரே ஒரு படம் சொல்ல வேண்டும். அதை எப்படிச் செய்வது என்று படிப்படியாக எழுதுகிறேன். உங்கள் ஊரில், உங்கள் வீட்டில் நீங்களும் இதைச் செய்யலாம்.

முதல் படி: ஆளைக் கேளுங்கள்

படத்தின் பெயரைச் சொல்வதற்கு முன்பு நாலு கேள்வி கேட்பேன். யார் யார் உட்காரப் போகிறீர்கள்? எவ்வளவு நேரம் இருக்கிறது? கடைசியாக முழுதாகப் பார்த்து முடித்த படம் எது? வீட்டில் இப்போது நிலைமை எப்படி?

மூன்றாவது கேள்வியில் “முழுதாக” என்ற சொல்தான் முக்கியம். “என்ன மாதிரி படம் பிடிக்கும்?” என்று கேட்டால் எல்லாரும் “நல்ல படம்”, “குடும்பப் படம்” என்றுதான் சொல்வார்கள். அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. கடைசியாக எதை முடித்தார்கள், எதைப் பாதியில் விட்டார்கள் என்று கேட்டால் உண்மை வெளியே வரும். “எனக்குச் சண்டைப் படம்தான் பிடிக்கும்” என்று சொன்ன பக்கத்து வீட்டு அண்ணன், கடைசி மூன்று மாதத்தில் முழுதாகப் பார்த்தது ஒரு சமையல் தொடர் மட்டும்தான். வேலை முடிந்து களைத்து வருகிறவருக்கு எது இதமாக இருந்தது என்பதை அது சொல்லிவிட்டது.

நேரத்தையும் விடாமல் கேளுங்கள். எங்கள் ஊர்ப் பிள்ளைகள் பலர் ஈப்போ பக்கம் தொழிற்சாலையில் பன்னிரண்டு மணி நேர ஷிப்ட் பார்க்கிறார்கள். அவர்களிடம் மூன்று மணி நேரப் படத்தைச் சொன்னால் இடைவேளை வருவதற்குள் கண் செருகிவிடும். அப்புறம் “நீங்க சொன்ன படம் போர்” என்று பெயர் வரும். படத்தின் மேல் தவறு இருக்காது.

நாலாவது கேள்வியை நான் வலித்துக் கற்றுக்கொண்டேன். ஒரு அத்தை “நம்ம தோட்டத்துக் கதை மாதிரி ஏதாவது சொல்லும்மா” என்று கேட்டார். நான் யோசிக்காமல் பாலா இயக்கிய ‘பரதேசி’யைச் சொன்னேன். 2013-இல் வந்தது. பி. எச். டேனியல் என்ற மருத்துவர் தேயிலைத் தோட்டங்களில் தாம் கண்டதை வைத்து எழுதிய நாவலிலிருந்து பிறந்த படம். கங்காணி ஊருக்குள் வந்து ஆசை காட்டி ஆட்களைக் கூட்டிப்போவது, கணக்குப் புத்தகத்தில் கடன் ஏறிக்கொண்டே போவது எல்லாம் எங்கள் தாத்தா பாட்டி சொன்ன கதையேதான். ஆனால் பின்பாதியில் தோட்டத்தில் நோய் பரவி ஆட்கள் கொத்துக்கொத்தாகச் சாகிறார்கள். அத்தை அப்போதுதான் கணவரை மருத்துவமனையில் பறிகொடுத்து நாலு மாதம் ஆகியிருந்தது. டிவியை அணைத்துவிட்டு இரண்டு ராத்திரி தூங்கவில்லை என்று அவர் மகன் சொன்னார். நான் வீட்டுக்கே போய் மன்னிப்புக் கேட்டேன். அது நல்ல படம்தான், இன்றைக்கும் சொல்வேன். அந்த ஆளுக்கு அந்த நேரத்தில் சொன்னதுதான் தவறு. அன்றிலிருந்து சாவு, நோய், பிரசவம், வேலை போனது, பிள்ளையோடு மனத்தாங்கல் என வீட்டில் எது நடந்திருக்கிறது என்று தெரியாமல் கனமான படம் சொல்வதில்லை.

இரண்டாம் படி: படம் அங்கே இருக்கிறதா என்று பாருங்கள்

இது சின்ன வேலை, ஆனால் செய்யாமல் விட்டால் மொத்தமும் வீண். ஸ்ட்ரீமிங்கில் இருக்கும் படங்கள் நாட்டுக்கு நாடு வேறு. சென்னையில் இருக்கும் உறவினர் “இதில் இருக்கிறது” என்று சொன்ன படம் மலேசியாவில் இல்லாமல் போகலாம். போன மாதம் இருந்த படம் இந்த மாதம் உரிமம் முடிந்து போயிருக்கும். ‘ஜஸ்ட்வாட்ச்’ என்ற தளத்தில் நாட்டை மலேசியா என்று வைத்துத் தேடினால் எந்தச் சேவையில் இருக்கிறது என்று காட்டும். அதற்குப் பிறகும் நானே ஒரு தடவை திறந்து பார்த்துவிடுவேன். படம் எவ்வளவு நேரம், மூலையில் என்ன வயதுக் குறி போட்டிருக்கிறது, தமிழ் ஒலியோ சப்டைட்டிலோ உண்டா என்ற மூன்றையும் குறித்துக்கொள்வேன்.

கட்டணம் கட்டாத வீட்டுக்கு அரசாங்க ஒளிபரப்பு நிறுவனமான ஆர்டிஎம்மின் ‘ஆர்டிஎம் கிளிக்’ இருக்கிறது, அது இலவசம். யூடியூபிலும் படம் எடுத்தவர்களே முறையாக ஏற்றியவை உண்டு. திவ்யபாரதி இயக்கிய ‘கக்கூஸ்’ ஆவணப்படம் அப்படி வந்ததுதான். திருட்டுச் சுட்டிகளை நான் யாருக்கும் அனுப்புவதில்லை. நம் மலேசியத் தமிழ்ப் படங்கள் சின்ன முதலீட்டில் எடுக்கப்படுகின்றன. அவற்றைத் திருட்டுத்தனமாகப் பார்த்தால் அடுத்த படம் வராது.

மூன்றாம் படி: ஆளுக்கு ஏற்ற படத்தைத் தேர்ந்தெடுங்கள்

இங்கே கொஞ்சம் நிறையவே சொல்ல வேண்டியிருக்கிறது.

“ஆவணப்படமா? அது பள்ளிக்கூடத்தில் போடுவது” என்று சொல்பவர்களுக்கு முதலில் ‘தி எலிஃபன்ட் விஸ்பரர்ஸ்’. முக்கால் மணி நேரம்கூட இல்லை. முதுமலை தெப்பக்காடு யானை முகாமில் ரகு என்ற அனாதைக் குட்டியை வளர்க்கும் பொம்மன், பெள்ளி என்ற கணவன் மனைவியின் கதை. அவர்கள் பேசுவது தமிழ், அதனால் சப்டைட்டில் தொல்லை இல்லை. கார்த்திகி கொன்சால்வஸ் இயக்கியது. 2023-இல் குறும் ஆவணப்படத்துக்கான ஆஸ்கார் வாங்கியது. ஷிப்ட் முடிந்து வருகிற பிள்ளைகளுக்கும் இதைத்தான் சொல்வேன். ஒன்று மட்டும் கவனித்தேன். உட்பகுதித் தோட்டங்களில் வேலை செய்தவர்களுக்கு யானை என்றால் செம்பனைக் கன்றைப் பிடுங்கித் தின்றுவிட்டுப் போகிற பிராணி. ஒரு மண்டோர் (தோட்ட மேற்பார்வையாளர்) மாமா, “எங்களுக்கு அது பகையாச்சே” என்றார். அப்படிப்பட்டவருக்கு “யானை அழகு” என்று சொல்லி இந்தப் படத்தைக் கொடுக்காதீர்கள். “காட்டுக்குள்ளேயே பிறந்து வளர்ந்தவங்க யானையை எப்படிப் பழக்குறாங்கன்னு பாருங்க மாமா” என்று சொன்னேன். அவர் இரண்டு தடவை பார்த்தார். குட்டிக்குப் பால் ஊட்டுவதையும் குளிப்பாட்டுவதையும் வேலை தெரிந்தவர் கண்ணோடு பார்த்துவிட்டு எனக்கு விளக்கம் சொன்னார்.

தோட்டத்தை விட்டுத் தாமானுக்கு வந்த தலைமுறைக்கு ‘ஜகாட்’. சஞ்சய் குமார் பெருமாள் இயக்கியது, 2015-இல் வந்தது. 2016-இல் மலேசியத் திரைப்பட விழாவில் சிறந்த மலேசியப் படம் என்ற விருதைப் பெற்றது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் தோட்டம் போய், புறம்போக்குக் குடியிருப்பில் ஒதுங்கிய ஒரு குடும்பம். அதில் அப்போய் என்ற பன்னிரண்டு வயதுப் பையன். பெயரே நம் வாயில் புழங்கிய சொல்தான்: மலாய் ‘ஜஹாட்’ தமிழர் வாயில் ‘ஜகாட்’ ஆகிவிட்டது. இந்தப் படத்தை அப்பாவும் மகனும் சேர்ந்து பார்க்கச் சொல்வேன். மகன் தனியாகப் பார்த்தால் குண்டர் கும்பல் கதையாகப் போய்விடும். பக்கத்தில் அப்பா இருந்தால், பிரம்படிக்கும் அந்தப் பையன் தடம் மாறியதற்கும் நடுவில் என்ன இருக்கிறது என்ற பேச்சு வரும். எங்கள் தெருவில் இரண்டு வீட்டில் வந்திருக்கிறது.

படித்து முன்னேற வேண்டும் என்று துடிக்கும் பெண் பிள்ளை வீட்டில் இருந்தால் தீபக் குமரன் மேனன் இயக்கிய ‘செம்மண் சாலை’ (2005). அறுபதுகளின் தோட்டம், பல்கலைக்கழகம் போக ஆசைப்படும் சாந்தா என்ற பெண். மெதுவாகப் போகும் படம். அதை முன்பே சொல்லிவிடுங்கள். “பாட்டு, சண்டை எதிர்பார்க்காதீங்க, நம்ம பழைய வீட்டை ஜன்னல் வழியா பார்க்கிற மாதிரி பாருங்க” என்றால் உட்காருவார்கள்.

சொந்த நிலம் என்ற ஆசை தெரிந்தவர்களுக்கு லெனின் பாரதி இயக்கிய ‘மேற்குத் தொடர்ச்சி மலை’ (2018). தேனி மலையடிவாரத்தில் மூட்டை சுமக்கும் ரங்கசாமி ஒரு துண்டு நிலம் வாங்கப் படும் பாடுதான் படம். இதை எங்கள் ஊர்ப் பெரியவர்களிடம் சொல்லும்போது ஒரு நூல் கிடைக்கிறது. ஐம்பதுகளில் வெள்ளைக்காரன் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றபோது தொழிலாளிகள் நடுத்தெருவுக்கு வந்தார்கள். அப்போது தொழிலாளிகளிடமே பணம் சேர்த்துத் தோட்டம் வாங்க வேண்டும் என்று துன் சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். அவர் எங்கள் ஊர்க்காரர். படம் முடிந்ததும் தாத்தாக்கள் அந்தச் சங்கத்துக்குத் தாங்கள் பணம் கட்டியதைப் பேச ஆரம்பித்துவிடுவார்கள். எங்கோ தேனியில் எடுத்த படம் சுங்கை சிப்புட் கதையாக மாறிவிடும்.

பேராக்கில் இருப்பவர்களுக்கு யாஸ்மின் அமாட்டின் ‘டாலன்டைம்’ (2009) சொல்லாமல் விட மாட்டேன். ஈப்போவில் எடுத்த படம், ஆண்டர்சன் பள்ளிக்கூடம் தெரியும். காது கேளாத மகேஷ் என்ற தமிழ்ப் பையனும் மெலூர் என்ற பெண்ணும். வீட்டுக்குள் தமிழ், வெளியே மலாய், ஆங்கிலம் என்று நாம் பேசுகிற மாதிரியே போகும். மகேஷின் அம்மா தமிழில் பேசும் காட்சிகளில் எங்கள் வீட்டில் ஒருவரும் அசையவில்லை.

சின்னப் பிள்ளைகளுக்கு மணிகண்டன் இயக்கிய ‘காக்கா முட்டை’. பீட்சா சாப்பிட ஆசைப்படும் இரண்டு அண்ணன் தம்பி. ஆங்கிலம் புரிகிற வயதென்றால் ‘மை ஆக்டோபஸ் டீச்சர்’. தென்னாப்பிரிக்கக் கடலுக்குள் ஓர் ஆக்டோபஸைத் தினமும் போய்ப் பார்த்த மனிதரின் கதை. தாத்தாக்களுக்கு, அதே மணிகண்டனின் ‘கடைசி விவசாயி’. அதில் மாயாண்டியாக வரும் நல்லாண்டி நடிகரே இல்லை, நிஜ விவசாயி. படம் வெளிவருவதற்குள் அவர் இறந்துவிட்டார். செடிக்குத் தண்ணீர் ஊற்றும் அவர் கையைப் பார்த்தாலே தெரியும்.

நாலாம் படி: ஒன்றோடு ஒன்றைச் சேர்த்துக் கொடுங்கள்

வரலாறு சம்பந்தப்பட்ட படமாக இருந்தால் ஒன்று மட்டும் போதாது. இதை எனக்குக் கற்றுக்கொடுத்தவர் கோயில் பக்கத்து வீட்டுப் பாட்டி. அவருக்கு எண்பத்தேழு வயது. சப்பான்காரன் காலத்தில் அவருடைய அப்பாவைத் தோட்டத்திலிருந்து சயாமுக்கு (இன்றைய தாய்லாந்து) ரயில் பாதை போடக் கொண்டுபோனார்கள். அவர் திரும்பி வரவில்லை. பேரன் என்னிடம் வந்து, “அக்கா, அந்த ரயில் பற்றி ஏதாவது படம் இருக்கா?” என்று கேட்டார். நான் 1957-இல் டேவிட் லீன் எடுத்த ‘தி பிரிட்ஜ் ஆன் த ரிவர் குவாய்’ படத்தைச் சொன்னேன். ஏழு ஆஸ்கார் வாங்கிய படம், இலங்கையில் எடுத்தது. நானும் கூடவே உட்கார்ந்து பார்த்தேன். பேரன் வரிக்கு வரி தமிழில் சொல்லிக்கொண்டு வந்தார். ஒரு மணி நேரம் போயிருக்கும். பாட்டி கேட்டார்: “எல்லாம் வெள்ளைக்காரனா இருக்கானுங்களே. நம்ம ஆளுங்க எங்கப்பா?”

பதில் சொல்ல எங்களிடம் ஒன்றும் இல்லை. 415 கிலோமீட்டர் பாதை, 1943 அக்டோபரில் முடிந்தது. மலாயாத் தோட்டங்களிலிருந்து ஆயிரக்கணக்கான தமிழர்களைக் கொண்டுபோனார்கள். அந்தப் படமோ பிரிட்டிஷ் போர்க்கைதிகளைப் பற்றிய கற்பனைக் கதை. மறுநாள் பேரன் கைப்பேசியில் அந்தப் பாதையின் வரைபடம் ஒன்றை எடுத்து டிவியில் போட்டுக் காட்டினார். பாட்டி நாற்காலியை இழுத்துப்போட்டுக் கிட்டப் போய் உட்கார்ந்து, “இதுல நம்ம ஊரு எங்க?” என்றார். வரைபடத்தில் சயாமும் பர்மாவும்தான் இருந்தன. பேரன் திரைக்குக் கீழே, டிவி வைத்திருந்த மேசையின் மேல் விரலை வைத்து, “இங்க பாட்டி” என்றார்.

உயிர் பிழைத்து வந்தவர்களைப் பேச வைத்து, அந்த மரண ரயில் பற்றித் தமிழில் எடுத்த ஆவணப்படம் இருக்கிறது. அதை அடுத்த வாரம் பாட்டிக்குப் போட்டோம். இப்போது யாராவது சயாம் ரயில் பற்றிக் கேட்டால் இரண்டையும் சேர்த்தே சொல்கிறேன், தமிழ் ஆவணப்படத்தை முதலில். வரிசை முக்கியம். பிழைத்தவர்களின் பேச்சைக் கேட்டுவிட்டு லீனின் படத்துக்குப் போனால், அதில் யார் இல்லை என்பது தானாகத் தெரியும்.

மலாயாவில் கம்யூனிஸ்ட் கிளர்ச்சியை அடக்க வெள்ளைக்கார அரசாங்கம் கொண்டுவந்த அவசரகாலம் பற்றிய படங்களுக்கும் இதே கதைதான். 1948 ஜூன் 16-ஆம் தேதி எங்கள் ஊர்ப் பக்கத்துத் தோட்டங்களில் மூன்று வெள்ளைக்காரத் துரைகள் சுட்டுக் கொல்லப்பட்டதை ஒட்டித்தான் அந்த அவசரகாலம் வந்தது. அந்தக் காலத்துப் படச்சுருள்கள் பல, 1946-இல் தொடங்கிய மலாயன் ஃபிலிம் யூனிட் என்ற அரசாங்கப் பிரிவு எடுத்தவை. மக்களை அரசாங்கத்தின் பக்கம் நிறுத்துவது அதன் வேலை. அதனால் யாருக்காவது ஆவணப்படம் சொல்லும்போது, இதை எடுத்தவர் யார், யார் குரலில் பேசுகிறது என்று ஒரு வரி சேர்த்துச் சொல்லிவிடுங்கள். பள்ளிப் பிள்ளைகளுக்குக் கட்டாயம் சொல்லுங்கள்.

ஐந்தாம் படி: எப்படிச் சொல்வது

பத்துப் பெயரை வரிசையாக அனுப்பினால் ஒருவரும் ஒன்றையும் பார்க்க மாட்டார்கள். அந்தப் பட்டியல் மறுபடியும் ரிமோட்டைத் தட்டிக்கொண்டிருப்பதற்குச் சமம். ஒரு படம் போதும். எவ்வளவு நேரம், என்ன கதை, ஏன் உங்களுக்கு, எங்கே கொஞ்சம் கனம், இந்த நாலும் அதில் வந்துவிட வேண்டும். நான் ஒரு தம்பிக்கு அனுப்பியது இது:

“தம்பி, ‘ஜகாட்’ பாருங்க. ஒன்றரை மணி நேரம்தான். தோட்டத்தை விட்டு வெளியே வந்த ஒரு குடும்பம், அதுல ஒரு பையன். நாம பேசுற தமிழே பேசுறாங்க. அடிதடி இருக்கு, கெட்ட வார்த்தை இருக்கு, சின்னவங்க தூங்கின பிறகு பாருங்க. அப்பாவையும் உட்கார வைங்க. பார்த்துட்டு, அந்தப் பையனோட சித்தப்பாக்கள்ல யாரை உங்களுக்குப் பிடிச்சதுன்னு சொல்லுங்க.”

கடைசி வரியைக் கவனியுங்கள். அது முடிவைச் சொல்லாது, ஆனால் பார்ப்பவருக்கு ஒரு பிடி கொடுக்கும். “செம படம், கட்டாயம் பாருங்க” என்று மட்டும் அனுப்பினால் எதிர்பார்ப்பு ஏறிவிடும், படம் தாங்காது. விருதுகளைப் பெரியவர்களிடம் அதிகம் சொல்லாதீர்கள். “பெரிய படிப்புப் படம் போல” என்று ஒதுங்கிவிடுவார்கள். பிள்ளைகளிடம் சொல்லலாம், அவர்களுக்கு ஆஸ்கார் என்றால் ஆர்வம்.

பெரியவர்களுக்கு எழுத்தில் அனுப்ப வேண்டாம். குரல் செய்தி அனுப்புங்கள், இல்லையென்றால் பசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) பார்க்கும்போது நேரில் சொல்லுங்கள்.

ஆறாம் படி: டிவியைத் தயார் செய்து கொடுங்கள்

படத்தைச் சொல்வதோடு வேலை முடிவதில்லை. வயதானவர்கள் பாதியில் விடுவதற்குப் பெரும்பாலும் காரணம் படம் அல்ல, டிவி.

முதலில் மொழி. ஒரு தாத்தா, “தமிழே வரலைம்மா” என்று கூப்பிட்டார். போய்ப் பார்த்தால் அவர் மகன் கணக்கு முழுக்க ஆங்கிலத்தில் இருந்தது. அப்போது (2025-க்கு முன்பு) டிவியில் நெட்ஃப்ளிக்ஸ் எல்லா மொழியையும் காட்டவில்லை. இருக்கும் நாட்டையும் ப்ரொஃபைலில் தேர்ந்த மொழிகளையும் வைத்துச் சில மொழிகளை மட்டும்தான் பட்டியலில் வைத்தது. தாத்தாவுக்குத் தனி ப்ரொஃபைல் திறந்து, மொழி அமைப்பில் படங்களுக்கான மொழியாகத் தமிழைச் சேர்த்தோம். அதற்குப் பிறகு தமிழ் ஒலி, தமிழ் சப்டைட்டில் இருக்கும் படங்களில் அவை வர ஆரம்பித்தன. அதே இடத்தில் சப்டைட்டில் எழுத்தைப் பெரிதாக்கி, பின்னால் கறுப்புப் பட்டை வைத்தோம். தாத்தா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வாய்விட்டு நாலு வரி படித்தார். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்பு வரை படித்தவர்.

தனி ப்ரொஃபைலுக்கு இன்னொரு பலன் உண்டு. பேரன் பார்க்கும் பேய்ப்படமெல்லாம் தாத்தாவின் முகப்பில் வந்து விழாது. பிள்ளைகளுக்குச் சிறுவர் ப்ரொஃபைல், பெரியவர்கள் ப்ரொஃபைலுக்கு நாலு இலக்க எண் பூட்டு. ஒரு படம் முடிந்ததும் அடுத்தது தானாக ஓடுவதை அமைப்பில் நிறுத்திவிடுங்கள். நல்ல படம் முடிந்து வீட்டில் எல்லாரும் அமைதியாக உட்கார்ந்திருக்கும்போது திடீரென்று வேறு ஏதோ சத்தம் போட்டுக்கொண்டு வந்தால், வரவேண்டிய பேச்சு வராமல் போய்விடும்.

அடுத்தது டேட்டா. கைப்பேசி ஹாட்ஸ்பாட்டில் டிவி பார்க்கும் வீடுகள் எங்கள் பக்கம் நிறைய. நெட்ஃப்ளிக்ஸில் குறைந்த தரத்தில் ஒரு மணி நேரத்துக்கு 0.3 ஜிபி, நடுத்தரத்தில் 0.7 ஜிபி, எச்டி என்றால் 3 ஜிபி வரை, 4கே என்றால் 7 ஜிபி வரை போகும். எச்டி படம் தடங்கல் இல்லாமல் ஓட வினாடிக்கு 3 முதல் 5 மெகாபிட் வேகம் வேண்டும். ஹாட்ஸ்பாட் வீட்டுக்கு நடுத்தரம் போதும். இரண்டு மணி நேரப் படம் ஒன்றரை ஜிபிக்குள் முடிந்துவிடும். செம்பனைக்குள் சிக்னல் கிடைக்காத வீடு என்றால், வைஃபை இருக்கும் இடத்தில் கைப்பேசியிலோ டேப்லெட்டிலோ டவுன்லோட் செய்து எடுத்துப் போகச் சொல்லுங்கள். டவுன்லோட் செய்த படத்துக்குக் கெடு உண்டு. சில படங்களைத் திறந்துவிட்டால் 48 மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். வெள்ளிக்கிழமை எடுத்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் பார்த்துவிடுவது நல்லது.

கோயில் மண்டபத்தில் போடலாமா?

என் அப்பா காலத்தில் தோட்டத்துத் திடலில் வெள்ளைத் துணி கட்டிப் படம் போடுவார்கள். இடம் கிடைக்காதவர்கள் துணிக்குப் பின்னால் உட்கார்ந்து, எழுத்தெல்லாம் இடவலம் மாறித் தெரிய முழுப் படத்தையும் பார்ப்பார்களாம். அது மாதிரி ஊரோடு பார்க்க வேண்டும் என்ற ஆசை எனக்கும் உண்டு. ஆனால் ஸ்ட்ரீமிங் கணக்கு வீட்டுக்கு மட்டும்தான். மண்டபத்தில் நூறு பேருக்குப் போட அதில் அனுமதி கிடையாது. நெட்ஃப்ளிக்ஸ் தன் சொந்த ஆவணப்படங்களில் சிலவற்றைக் கல்விக்காக ஒரு தடவை திரையிட விடுகிறது. எந்தப் படங்களுக்கு அந்த அனுமதி என்று அதன் ஊடகத் தளத்தில் அந்தந்தப் படத்தின் பக்கத்தில் போட்டிருக்கும். அப்படிப் போடும்போது நுழைவுக் கட்டணமோ நன்கொடையோ வாங்கக் கூடாது, விளம்பரதாரர் இருக்கக் கூடாது, நெட்ஃப்ளிக்ஸ் சின்னத்தைச் சுவரொட்டியில் போடக் கூடாது. மலேசியத் தமிழ்ப் படமாக இருந்தால் இயக்குநருக்கே எழுதிக் கேளுங்கள். அனுமதி கிடைத்தால் முறையாகப் போடலாம். இல்லையென்றால் நாலைந்து வீட்டில் அதே படத்தை ஒரே வாரத்தில் அவரவர் பார்த்துவிட்டு, சனிக்கிழமை ஒன்றாக உட்கார்ந்து பேசலாம். நாங்கள் இப்போது அப்படித்தான் செய்கிறோம்.

ஏழாம் படி: திரும்பிக் கேளுங்கள்

மூன்று நாள் கழித்து ஒரு தடவை கேட்பேன். “பார்த்தீங்களா?” என்று கேட்டால் சங்கடப்படுவார்கள். “எந்த இடம் மனசுல நிக்குது?” என்று கேட்பேன். பார்த்தவர் சொல்வார். பார்க்காதவர் “இன்னும் இல்ல” என்பார், அதோடு விட்டுவிட வேண்டும். நச்சரிக்கக் கூடாது. பாதியில் விட்டவரிடம் எந்த இடத்தில் விட்டார் என்று மட்டும் கேளுங்கள். அவருக்கு அடுத்த படம் சொல்வதற்கு அது போதும்.

இதற்காக ஒரு பழைய பள்ளி நோட்டு வைத்திருக்கிறேன். ஆளுக்கு ஒரு பக்கம். என்ன சொன்னேன், முடித்தாரா, என்ன சொன்னார் என்று மூன்று வரி. ரயில் பாட்டியின் பக்கத்தில் இப்போது ஐந்து படம் இருக்கிறது. போன வாரம் ‘கடைசி விவசாயி’ பார்த்துவிட்டு, “அந்த மனுஷன் மண்ணைத் தொடுறப்போ எங்கப்பா கை மாதிரியே இருந்துச்சு” என்று சொன்னாராம். பேரன் அந்தக் குரல் செய்தியை எனக்கு அனுப்பினார். அப்பாவைப் பறிகொடுத்தபோது பாட்டிக்கு ஐந்து வயதுகூட ஆகியிருக்காது. அதையும் நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். அடுத்து அவருக்கு என்ன சொல்வது என்று இந்த வாரம் முழுக்க யோசித்துக்கொண்டிருக்கிறேன்.